ரொசாலியா இறங்க வேண்டிய ஊர்

டார்னிக் ஊராட்சி அலுவலகம்
9 ஏப்ரல் 1946

யாஸ்னோவோ ஊர்த்தலைவர் திரு. வாலென்டி ஸ்கீபா அவர்களுக்கு,

தங்கள் ஊர் எல்லையில் ‘ஓல்ஷாங்கா’ என்ற பெயர்ப்பலகை இன்னும் நிற்பதாகத் தெரியவருகிறது. தங்கள் ஊரின் பெயர் யாஸ்னோவோ. வார்சாவில் இருக்கும் பெயர்க்குழு இதை பிப்ரவரி மாதமே முடிவு செய்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் பலகையை அகற்றிவிட்டுத் தகவல் தரவும். இது மூன்றாவது நினைவூட்டல்.

ஹிரோனிம் லாசோட்டா
ஊராட்சிச் செயலர்

மாப்பிள்ளை, மேலே உள்ளது செயலர் எழுதியது. இனிமேல் எழுதுவது உங்கள் மச்சான்.

சனிக்கிழமை நான் அனுப்பிய தச்சனை நீங்கள் பலகையில் கை வைக்க விடவில்லை, அது போகட்டும். அவன் கொண்டுவந்த ஏணியையும் பிடுங்கி வைத்துக்கொண்டீர்களாமே? அது ஊராட்சி ஏணி. இந்த அலுவலகத்துக்கு இருப்பதே அந்த ஒன்றுதான். கூரை ஒழுகுகிறது, ஏறிப் பார்க்க வழியில்லை. என் மேஜைமேல் ஒரு வாளி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நேரில் வந்து பேசலாம் என்றால், போன மாதம் உங்கள் வாசலில் நாலு பேர் முன்னால் என்னை “மையில பொறந்தவனே” என்று சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன். ஏணியையாவது அனுப்புங்கள்.

ஹிரோனிம்


ஓல்ஷாங்கா
12 ஏப்ரல் 1946

மச்சானுக்கு,

ஏணி என் களஞ்சியத்தில் பத்திரமாக இருக்கிறது. பலகை இருக்கும்வரை ஏணியும் இங்கேதான் இருக்கும்.

உங்களுக்கு நினைவூட்டல் அனுப்பத் தெரிகிறது, நினைவு மட்டும் இல்லை. போன வருஷம் ஜூன் மாதம் நம் ஊர் ஜனம் மொத்தமும் மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் ஏறியபோது நீங்களும்தானே பக்கத்தில் நின்றீர்கள்? அப்பாவுக்கு டைபஸ் காய்ச்சல். அவரை ஏற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள். உங்கள் தங்கை ரொசாலியா கீழே நின்றுகொண்டு என்னிடம் என்ன சொன்னாள்? “நீங்க மாட்டோட போங்க. மாமாவுக்குக் காய்ச்சல் விட்டதும் நான் கூட்டிட்டு வரேன். எங்க வரணும்னு மட்டும் எழுதுங்க.” உங்கள் காதிலும் விழுந்த பேச்சுதான் அது.

நாம் விட்டுவந்த ஊர் ஓல்ஷாங்கா. போர் முடிந்து எல்லையை மாற்றியதில் இப்போது அது ரஷ்யாவின் பக்கம் போய்விட்டது. இங்கே வந்திறங்கியதும் முப்பத்தொரு குடும்பமும் ஆரம்பப் பள்ளி முற்றத்தில் கூடி ஏன் அதே பெயரை வைத்தோம்? ஆசைக்கா? பின்னால் வருகிறவர்கள் ஒரே ஒரு பெயரைக் கேட்டுக்கொண்டு வந்து சேரட்டும் என்றுதானே! நானும் அவளுக்கு அதைத்தான் எழுதினேன்: ஓல்ஷாங்காவுக்கு வா. ஜனவரியில் பதில் வந்தது, அப்பா எழுந்து உட்கார்கிறார், கோடைக்குள் கிளம்பிவிடுவோம் என்று. அதற்குப் பிறகுதான் உங்கள் வார்சாக்காரர்கள் பெயரை மாற்றினார்கள். யாஸ்னோவோ என்று உடனே எழுதிப் போட்டேன். அது போய்ச் சேர்ந்ததா இல்லையா, கடவுளுக்குத்தான் தெரியும்.

பிறகு ரயில்காரர்கள். அவர்கள் நம் ஸ்டேஷனுக்கு லிபோவா என்று மூன்றாவதாக ஒரு பெயரை எழுதி வைத்திருக்கிறார்கள். ஸ்டேஷனில் லிபோவா, உங்கள் தாளில் யாஸ்னோவோ, அவள் நெஞ்சில் ஓல்ஷாங்கா. அவள் வந்து பார்க்கும்போது அந்தப் பெயர் இங்கே ஒரு பலகையிலாவது இருக்க வேண்டாமா?

அவளும் அப்பாவும் வந்து இறங்கட்டும். மறுநாளே நானே பலகையைப் பிளந்து அடுப்பில் வைக்கிறேன்.

வாலென்டி


டார்னிக்
19 ஏப்ரல் 1946, பெரிய வெள்ளி

மாப்பிள்ளைக்கு,

ரொசாலியா உங்களுக்கு மனைவியாவதற்கு இருபது வருஷம் முன்பே எனக்குத் தங்கை. அவளை நான் மறந்துவிட்டதாக எழுதியதை ஈஸ்டர் வாரம் என்பதால் பொறுத்துக்கொள்கிறேன்.

உங்கள் ஊருக்கு ஓல்ஷாங்கா என்றே பெயர் இருக்கட்டும் என்று நான் எழுதிய மனுக்கள் ஐந்து. ஐந்துக்கும் ஒரே பதில்தான். கிழக்கே விட்டுவந்த ஊர்களின் பெயர்களைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது, இங்குள்ள மண்ணுக்கும் மரத்துக்கும் பொருந்திய பெயராக இருக்க வேண்டும். ஓல்ஷாங்கா என்றால் ஆல்டர் மரம் நிற்கும் இடம், உங்கள் ஊரில் ஒரு ஆல்டர் மரமாவது உண்டா என்று கேட்கிறார்கள். நான் என்ன, போய் நட்டு வைக்கட்டுமா?

இன்னொன்றும் சொல்கிறேன். ஜெர்மானியர்கள் இருந்த காலத்தில் உங்கள் ஊருக்கு லாங்கன்பாக் என்று பெயர். அந்தப் பெயருக்கு இன்னும் வாரம் இரண்டு கடிதமாவது வருகிறது. யாரோ யாரையோ தேடுகிறார்கள். அதையெல்லாம் ஒரு பெட்டியில் போட்டு வைத்திருக்கிறேன். தூக்கிப் போட மனம் வரவில்லை. ஆகையால் பெயரை நம்பி வருகிறவர்களின் பாடு எனக்குத் தெரியாது என்று நினைக்காதீர்கள்.

பலகை இருந்துவிட்டுப் போகட்டும். அதற்குக் கீழே யாஸ்னோவோ என்றும் ஒன்று அடியுங்கள். மாவட்ட அலுவலகத்தில் கேட்டால் வேலை நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன். ஏணி?

ஹிரோனிம்


ஓல்ஷாங்கா
3 ஜூன் 1946

மச்சானுக்கு,

நான் யாஸ்னோவோ என்று எழுதிப் போட்ட கடிதம் இன்று திரும்பி வந்துவிட்டது. உறை பிரிக்கப்படவே இல்லை. மேலே ரஷ்ய மொழியில் ஒரு வரி: ‘பெறுநர் ஊரை விட்டுப் போய்விட்டார்.’ மே இரண்டாம் தேதி முத்திரை.

ஆக, அவள் கிளம்பிவிட்டாள். அப்பாவைக் கூட்டிக்கொண்டு, பழைய பெயரை மட்டும் தெரிந்துகொண்டு கிளம்பிவிட்டாள். ஒரு மாதம் ஆகிறது.

இந்த நேரம் பார்த்தா மாவட்டத்து ஆட்கள் வரவேண்டும்? வியாழக்கிழமை நாங்கள் எல்லோரும் புல் அறுக்கப் போயிருந்தோம். லாரியில் வந்து பலகையைக் கம்பத்தோடு பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்கள். நீங்கள் சொல்லித்தான் வந்தார்களா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சண்டைதான் வரும்.

நானும் சும்மா இருக்கவில்லை. ரயில் பாதையைப் பார்த்த என் களஞ்சியச் சுவரில் சுண்ணாம்பால் ஓல்ஷாங்கா என்று எழுதிவிட்டேன். ஒவ்வொரு எழுத்தும் என் உயரம். உங்கள் ஏணி நன்றாகவே உதவியது.

உங்கள் பெயர்க்கூத்து எங்கே வந்து நிற்கிறது, கேளுங்கள். திங்கட்கிழமை கால்நடை மருத்துவர் வந்து யாஸ்னோவோ குதிரைகளுக்கு ஊசி போட்டார். புதன்கிழமை வேறொரு மருத்துவர் லிபோவா குதிரைகளுக்குப் போட வந்தார். “ஐயா, போட்டாச்சு” என்றேன். “அது யாஸ்னோவோ. என் லிஸ்ட்ல லிபோவா இருக்கு, கையெழுத்து வாங்காம போக முடியாது” என்றார். “ரெண்டும் ஒரே ஊரு, ஒரே குதிரைதான்யா!” என்றால், “அத நீங்க ஆபீஸ்ல சொல்லுங்க” என்கிறார். என் கிழட்டுப் பெட்டைக் குதிரைக்கு இரண்டு ஊசி. இரண்டு நாள் எழுந்திருக்கவே இல்லை. நாளைக்கு ஓல்ஷாங்காவுக்கும் ஒருவர் வந்தால் குதிரை செத்துப்போகும்.

வாலென்டி


டார்னிக்
2 ஜூலை 1946

மாப்பிள்ளை,

இந்தக் கடிதத்தைப் படித்ததும் என்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம் திரும்பப் பெற்றுக்கொள்வீர்கள்.

பெயர் பிழைத்துவிட்டது!

காட்டுக்கு அந்தப் பக்கம், உங்களிடமிருந்து ஆறு கிலோமீட்டரில், கெல்ட்சேப் பக்கத்திலிருந்து வந்தவர்கள் குடியேறியிருக்கிறார்களே, அந்த ஊருக்குப் பெயர் வைக்கச் சொல்லிப் படிவம் வந்தது. அவர்களாக பியாஸ்கி என்று வைத்துக்கொண்டிருந்தார்கள். மாவட்டத்தில் ஏற்கெனவே இரண்டு பியாஸ்கி உண்டு, செல்லாது. ‘ஊராட்சி பரிந்துரைக்கும் பெயர்’ என்று ஒரு கட்டம். உங்களுக்காகக் கேட்டு மறுக்கப்பட்ட நல்ல பெயர் ஒன்று கையில் சும்மா கிடக்கிறது. வீணாகப் போகிறதே என்று அதை எழுதிவிட்டேன். அந்த ஊர் ஓடைக்கரை முழுக்க ஆல்டர் மரம். ஒரே வாரத்தில் ஒப்புதல் வந்துவிட்டது. இனி நம் ஊராட்சியில் சட்டப்படி ஒரு ஓல்ஷாங்கா இருக்கிறது.

நம் பெயர் வரைபடத்தில் ஏறிவிட்டது, மாப்பிள்ளை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹிரோனிம்


ஓல்ஷாங்கா. ஒரே ஓல்ஷாங்கா.
6 ஜூலை 1946

அட பாவி மனுஷா,

எங்கள் பெயரைப் பிடுங்கி எதிர்வீட்டுக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, கண் கலங்கியதாம் கண்! வீணாகப் போகிறதே என்று கொடுத்தீர்களா? மிஞ்சிய சூப்பா அது?

அந்த பியாஸ்கிக்காரர்கள் யார் தெரியுமா? போன இலையுதிர் காலத்தில் எங்கள் கதிரடிக்கும் இயந்திரத்தை வாங்கிக்கொண்டு போய், பெல்ட் இல்லாமல் திருப்பிக் கொடுத்தவர்கள். இப்போது பெயரும் அவர்களுக்கு. நேற்றே ஊரைக் கூட்டிச் சொல்லிவிட்டேன். அந்த ஊருக்கு இங்கிருந்து யாரும் போகக்கூடாது, அங்கிருந்து யாரும் பாலம் தாண்டி வரக்கூடாது. பெண் கொடுக்கல் வாங்கல் கிடையாது. இயந்திரமும் கிடையாது. நான் செத்தாலும் அந்த மண்ணை மிதிக்க மாட்டேன்.

எனக்கு ஒரே ஒரு கேள்வி. என் மனைவி ஓல்ஷாங்கா எங்கே என்று கேட்டு வருகிறாள். எவனாவது அந்த ஊரைக் காட்டிவிட்டால்? அவள் அங்கே போய் நின்றால்? இதை யோசித்தீர்களா, யோசிக்கவே இல்லையா?

வாலென்டி


டார்னிக்
11 ஜூலை 1946

மாப்பிள்ளைக்கு,

யோசித்தேன். யோசிக்காமல் நான் எதையும் செய்வதில்லை.

அந்த ஊர்த்தலைவர் ஜெனோன் பியெலாக்குக்கு எழுத்து மூலமாக உத்தரவு கொடுத்திருக்கிறேன். வாலென்டி ஸ்கீபாவையோ ஹிரோனிம் லாசோட்டாவையோ கேட்டுக்கொண்டு யார் வந்தாலும், அன்றைக்கே எனக்குத் தாளில் எழுதித் தெரிவிக்க வேண்டும். அவர் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார். ரொசாலியா அங்கே கால் வைத்தால் மறுநாள் காலை என் மேஜைக்குச் செய்தி வந்துவிடும். நிம்மதியாகத் தூங்குங்கள்.

இன்னொன்று. ஆகஸ்ட் முதல் தேதியிலிருந்து, தலைப்பில் செல்லாத ஊர்ப்பெயர் போட்டு வரும் எந்தத் தாளையும் நான் படிக்கப் போவதில்லை. ‘பெயர் தவறு’ என்று முத்திரை குத்தித் திருப்பிவிடுவேன். பதினான்கு ஊர், நாற்பது பெயர். எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது. இது உங்களுக்கும் சேர்த்துத்தான், சொந்தம் என்று சலுகை கிடையாது.

ஹிரோனிம்


யாஸ்னோவோ
5 செப்டம்பர் 1946

மச்சானுக்கு,

போன வாரம் எழுதிய கடிதம் ‘பெயர் தவறு’ என்று திரும்பி வந்தது. அதனால்தான் மேலே அந்தப் பெயரை எழுதியிருக்கிறேன். எழுதும்போது கை கூசியது. உங்களுக்கு வெற்றி. கொண்டாடிக்கொள்ளுங்கள்.

எழுதிவிட்டேன் அல்லவா, இப்போது பதில் சொல்லுங்கள். அந்த ஊரிலிருந்து ஏதாவது செய்தி வந்ததா?

ரை தானியம் சுமார்தான், ஓட்ஸ் பரவாயில்லை. இரண்டு பேருக்கு என்று சேர்த்து விதைத்திருந்தேன், அதுவும் சேர்ந்து விளைந்திருக்கிறது. அப்பாவுக்கு அடுப்போரம் கட்டில் போட்டு வைத்திருக்கிறேன். பூனைதான் அதில் படுத்துக்கொள்கிறது.

நான்கு மாதம் ஆகிறது, மச்சான். ஒரு ரயில் எத்தனை மெதுவாக வந்தாலும் நான்கு மாதமா ஆகும்?

வாலென்டி


டார்னிக்
12 செப்டம்பர் 1946

மாப்பிள்ளை,

நீங்கள் யாஸ்னோவோ என்று எழுதியதைப் பார்த்து எனக்கு மகிழ்ச்சி வரவில்லை. உண்மையைச் சொல்கிறேன்.

ஓல்ஷாங்காவிலிருந்து எனக்கு ஒரு தாள்கூட வரவில்லை. வந்தால் உடனே ஆள் அனுப்புவேன். அந்த பியெலாக் இன்னும் பிடிவாதமாக பியாஸ்கி என்றே தலைப்புப் போட்டு என்னென்னவோ அனுப்பிக்கொண்டிருக்கிறார். எங்கள் ஊருக்கு நீ யார் பெயர் வைக்க என்ற எண்ணம். முத்திரை குத்தித் திருப்பிக்கொண்டே இருக்கிறேன். யார் முதலில் களைக்கிறார்கள் என்று பார்ப்போம்.

செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் எழுதியிருக்கிறேன். அகதிகளை ஒரு முகாமிலிருந்து இன்னொரு முகாமுக்கு மாற்றி மாற்றி அனுப்புகிறார்களாம். தாமதத்துக்கு அதுதான் காரணமாக இருக்கும். தைரியமாக இருங்கள்.

ஹிரோனிம்


யாஸ்னோவோ
22 செப்டம்பர் 1946

மச்சானுக்கு,

செஞ்சிலுவைக்கு எழுதியதற்கு நன்றி.

பியெலாக்கோடு நீங்கள் மட்டும்தான் மல்லுக்கட்டுவதாக நினைக்க வேண்டாம். நேற்று உருளைக்கிழங்கு தோண்டிக்கொண்டிருக்கும்போது அந்த ஊர் ஆள் ஒருவன் பாலம் தாண்டி வந்தான். “ஊர்த்தலைவரே, ஒரு சேதி” என்று ஆரம்பித்தான். “உங்க ஊர்ச் சேதி எங்களுக்கு வேணாம். முதல்ல பெல்ட்ட கொண்டா, அப்புறம் பேசு” என்றேன். “பெல்ட் இல்லய்யா, இது வேற” என்றான். மண்வெட்டியைத் தூக்கினேன். திட்டிக்கொண்டே போய்விட்டான். இயந்திரம் கேட்க வந்திருப்பான். எங்கள் ஆட்கள் சிரித்தார்கள். பல நாள் கழித்து எனக்கும் சிரிப்பு வந்தது.

வாலென்டி


2 நவம்பர் 1946

ஹிரோனிம்,

தலைப்பில் ஊர்ப்பெயர் போடவில்லை. வேண்டுமானால் திருப்பி அனுப்பிக்கொள்ளுங்கள்.

நேற்று எல்லாப் புனிதர் நாள். எங்கள் சிற்றாலயத்தில் பூசை. பாதிரியார் புதியவர், வந்து மூன்று வாரம்தான் ஆகிறது, நான்கு ஊருக்கும் அவர் ஒருவரே. இறந்தவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லி ஜனங்கள் எழுதிக்கொடுத்த சீட்டுகளை வழக்கம்போல வாசித்தார். நான்கு ஊர்ச் சீட்டுகளும் ஒரே கட்டு. பெயர் பெயராக வாசித்துக்கொண்டே வந்தவர், ‘யாத்சென்டி ஸ்கீபாவின் ஆன்மாவுக்காக’ என்றார்.

என் அப்பாவின் பெயர். நான் அந்தச் சீட்டைக் கொடுக்கவில்லை. அப்பா உயிரோடு வருகிறார் என்றுதானே இருந்தேன்!

பூசை முடியும்வரை எப்படி நின்றேன் என்று தெரியவில்லை. முடிந்ததும் உள்ளே போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “சாமி, அந்தச் சீட்டு யார் கொடுத்தது?” அவர் திகைத்துப்போனார். “பியாஸ்கியில ஒரு அம்மா. மாமனார அடக்கம் பண்ணினாங்க. நான் வந்து செஞ்ச முதல் அடக்கம் அதுதான். ஏன், உங்களுக்குத் தெரிஞ்சவங்களா? உங்க பேரு என்ன ஊர்த்தலைவரே, எல்லாரும் ஊர்த்தலைவர்னுதானே கூப்பிடுறாங்க” என்றார்.

ஆறு கிலோமீட்டர். செத்தாலும் மிதிக்க மாட்டேன் என்ற மண். ஓடினேன், நடந்தேன், மறுபடி ஓடினேன்.

கல்லறையில் இருந்தாள். எனக்கு முதுகு காட்டிக் குனிந்து மெழுகுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தாள். மெலிந்து பாதி ஆளாகியிருக்கிறாள். திரும்பிப் பார்த்தாள். பிறகு, “வந்துட்டீங்களா? மெழுகுவத்தி நிக்க மாட்டேங்குது, காத்து. கொஞ்சம் இந்தப் பக்கம் மறைச்சு நில்லுங்க” என்றாள்.

மறைத்து நின்றேன், ஹிரோனிம். என் அப்பாவின் மண்மேட்டுக்குக் காற்று படாமல் நின்றேன். வேறு எதுவும் செய்ய எனக்கு மிச்சம் வைக்கவில்லை நீங்கள்.

ஆகஸ்ட் இருபதாம் தேதியிலிருந்து அங்கேதான் இருக்கிறார்கள். முகாமில் ஓல்ஷாங்கா என்று சொன்னதும் புதிய பட்டியலைப் பார்த்து அந்த ஊருக்குச் சீட்டுக் கொடுத்துவிட்டார்கள். அப்பா நாற்காலியை வாசலில் போட்டுக்கொண்டு தினமும் உட்கார்ந்திருப்பாராம். “வாலென்டி சந்தைக்குப் போயிருக்கான், வந்துருவான்” என்பாராம். அக்டோபர் ஒன்பதாம் தேதி செத்துப்போனார்.

பியெலாக் என்னை வீட்டுக்குள் கூட்டிப்போய் மேஜைமேல் மூன்று தாள்களை வைத்தார். ஆகஸ்ட் 21, செப்டம்பர் 7, செப்டம்பர் 28. மூன்றிலும் ஒரே விஷயம்தான்: ‘ரொசாலியா ஸ்கீபா என்ற பெண் மாமனாருடன் வந்திருக்கிறார். கணவர் வாலென்டியையும் அண்ணன் ஹிரோனிமையும் தேடுகிறார். முதியவர் உடல்நிலை மோசம்.’ மேலே பியாஸ்கி. குறுக்கே உங்கள் முத்திரை. “படிச்சுப் பாத்திருந்தா ரெண்டு வரிதான்யா” என்றார் பியெலாக். உங்கள் உத்தரவின் கீழே இருந்தது ‘செயலர்’ என்ற முத்திரை மட்டும், என்னையும் அவர்களுக்கு ‘ஊர்த்தலைவர்’ என்றுதான் தெரியும், அவள் தேடுகிற இரண்டு பேர் நாம்தான் என்று அவருக்குத் தெரியவே இல்லை.

உங்களை என்ன செய்யலாம் என்று வழி நெடுகத் திட்டம் போட்டுக்கொண்டு திரும்பியிருப்பேன். ஆனால் பியெலாக் இன்னொன்றும் சொன்னார். தாளுக்குப் பதில் வராததால் செப்டம்பரில் ஒரு ஆளையே எங்கள் ஊருக்கு அனுப்பிப் பார்த்தாராம். அவன் கோபத்தில் திரும்பி வந்து, “கேட்டுட்டேன், அங்க அப்படி யாருமே இல்ல” என்று ரொசாலியாவிடம் சொல்லிவிட்டானாம்.

அந்த ஆள்மேல் மண்வெட்டியைத் தூக்கியது யார் என்று உங்களுக்குத் தெரியும். அப்பா அப்போது உயிரோடு இருந்தார்.

வாலென்டி


டார்னிக்
5 நவம்பர் 1946

மாப்பிள்ளை,

உங்கள் கடிதத்தை நின்றுகொண்டே படித்தேன். பிறகு தபால் பதிவேட்டை எடுத்துப் பார்த்தேன். மூன்று பதிவுகள். ‘பெயர் தவறு, படிக்காமல் திருப்பப்பட்டது.’ மூன்றும் என் கையெழுத்து. கோணல் இல்லாமல், மை சிந்தாமல், ஒரே அளவில். இந்த ஊராட்சியிலேயே நல்ல கையெழுத்து என்று சொல்வார்கள்.

என் தங்கையின் பெயர் எழுதிய தாள் மூன்று தடவை என் கையில் இருந்திருக்கிறது. நான் முதல் வரியைப் பார்த்தேன். இரண்டாவது வரிக்குக் கண்ணை இறக்கவில்லை. பியெலாக்கைத் தோற்கடிக்க வேண்டும் என்று இருந்தேன். வேறு காரணம் சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பியெலாக்கின் ஊர்வரை நடந்து வந்தேன். ஊருக்குள் வரவில்லை. வேலி ஓரம் நின்றேன். ரொசாலியா யாருடைய வாத்தையோ விரட்டித் திட்டிக்கொண்டிருந்தாள். அதே குரல். சின்ன வயதில் என்னைத் திட்டுவாளே, அதே மாதிரி. திரும்பி வந்துவிட்டேன்.

நீங்கள் மண்வெட்டி தூக்கியதைப் பெரிதாக நினைத்து உங்களை வதைத்துக்கொள்ள வேண்டாம். நீங்கள் ஒரு தடவை கேட்க மறுத்தீர்கள், கோபத்தில். நான் மூன்று தடவை, நிதானமாக.

அந்த விதியை நேற்றே எடுத்துவிட்டேன். எந்தப் பெயரில் வந்தாலும் படிக்கிறேன். லாங்கன்பாக் பெட்டியையும் பிரித்து உட்கார்ந்திருக்கிறேன். மாமாவின் இறப்பைப் பதிய வேண்டும், யாராவது ஒருவர் வந்து சொல்ல வேண்டும். நீங்கள் வர விரும்பாவிட்டால் பியெலாக்கை அனுப்புங்கள். நான் அங்கே வரலாமா என்று கேட்க எனக்கு வாய் இல்லை.

ஹிரோனிம்


12 நவம்பர் 1946

மச்சான்,

இறப்பைப் பதிய பியெலாக் நாளைக்கு வருவார். கூடவே என் ராஜினாமாவும் வரும். யாஸ்னோவோவுக்கு வேறு தலைவரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரொசாலியாவைக் கூட்டிக்கொண்டு போக வண்டி கட்டிக்கொண்டு வந்தேன். ஏற மாட்டேன் என்கிறாள். “ஓல்ஷாங்காவுக்கு வான்னு எழுதுனீங்க. வந்தேன். மூணு முகாமு, ஒம்போது ரயிலு. மாமாவ முதுகுல தூக்காத குறை. இந்த அடுப்பு புகையாம எரியவே ரெண்டு மாசம் ஆச்சு. மாமாவும் இங்கதான் படுத்திருக்காரு. இனிமே நான் எங்கயும் வரதா இல்ல. வேணும்னா நீங்க வாங்க” என்றாள். நானும் பேசிப் பார்த்தேன். அங்கே வீடு பெரிது, நிலம் நல்ல நிலம், நம் ஊர் ஜனம் முழுக்க அங்கேதான் இருக்கிறது என்றேன். “அந்த ஜனம்தான் பாலத்தத் தாண்டக்கூடாதுன்னு காவல் நின்னுச்சா?” என்றாள்.

ஆகவே, வந்த வண்டியில் என் சாமான்களை ஏற்றிக்கொண்டு நான்தான் இங்கே வந்திருக்கிறேன். பெட்டைக் குதிரையும் வந்துவிட்டது. உங்கள் ஏணியை பியெலாக் எடுத்து வருவார். பெல்ட்டைப் பற்றிக் கேட்டேன். எலி தின்றுவிட்டதாம்! ஒரு வருஷம் அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

மேலே ஊர்ப்பெயர் போடலாம் என்று பேனாவை எடுத்தேன். ரொசாலியா பார்த்துவிட்டாள். “யாருக்கு எழுதுறீங்க?” உன் அண்ணனுக்கு என்றேன். நீங்கள் வேலி வரைக்கும் வந்து திரும்பிப் போனதைப் படித்துக் காட்டினேன். அடுப்பில் விறகைத் தள்ளினாள். பிறகு ஆரம்பித்தாள் பாருங்கள். “மனுசங்களத் தேடுங்கடான்னா, ரெண்டு பேரும் ஊர்ப் பேரக் கட்டிக்கிட்டு அழுதுருக்கீங்க. பதினோரு கிலோமீட்டர்ல இருந்துக்கிட்டு ஒருத்தருக்கு ஒருத்தர் காயிதம் வேற. கால் இல்லையா ரெண்டு பேருக்கும்?” இது அவள் சொன்னதில் பாதிகூட இல்லை. அப்பாவைப் பற்றிச் சொல்லும்போதுதான் அழுதாள். நானும் அழுதேன்.

நான் உங்களை மன்னித்துவிட்டேனா என்று தெரியவில்லை. என்னை நான் மன்னிக்கவில்லை, அது மட்டும் தெரிகிறது. அதை நாம் இரண்டு பேரும் பிறகு பார்த்துக்கொள்வோம்.

ஞாயிற்றுக்கிழமை நீங்கள் இங்கே வர வேண்டுமாம். முட்டைக்கோஸும் பன்றிக் கொழுப்பும் போட்டுச் சமைக்கிறாள். உங்களையும் அவள் திட்ட வேண்டுமாம். நான் என் பங்கை வாங்கியாகிவிட்டது. உங்கள் பங்கை எழுதி அனுப்பட்டுமா என்று கேட்டேன். நேரில்தான் திட்டுவாளாம். இனி இந்தக் குடும்பத்தில் யாரும் யாருக்கும் எழுதக் கூடாது என்கிறாள்.

வேலியோடு நின்றுவிடாதீர்கள். உள்ளே வாருங்கள்.

வாலென்டி